யாருடைய சாயம் வெளுக்கிறது?

நடுவர் அவர்களே, எதிரணியில் இன்னும் சிரித்துக்கொண்டே இருக்கிற நண்பர்களே, அடுப்பில் வைத்ததைக்கூட மறந்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

துணிக்கு ஏற்றது இயற்கைச் சாயமா, செயற்கைச் சாயமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சகோதரர் ஒரு போடு போட்டார். "இயற்கைச் சாயம் ஒரு அலசுல போயிடும்மா, உங்க அணிப் பேச்சும் அப்படித்தான்"னாரு. நீங்களும் கை தட்டினீங்க. யார் யார் தட்டினீங்கன்னு நான் பார்த்து வெச்சிருக்கேன். (சிரிப்பு)

எது போயிடும்? மஞ்சள் போகும். ஒத்துக்கறேன். மஞ்சளை அரைச்சு வேட்டியைத் தோய்ச்சா நாலு வெயில்ல வெளுத்துடும். அதுக்காக இயற்கைச் சாயமே நிக்காதுன்னு சொன்னா, பந்தியில ரசத்தை மட்டும் குடிச்சுட்டு விருந்து சரியில்லைன்னு எழுந்து போன கதைதான்!

நம்ம கடற்கரை மணலில் ஒரு சின்னப் பூண்டு முளைக்கும். வைத்தியர்கள் இம்பூறல் என்பார்கள். சாயக்காரர்களுக்கு அது சாயவேர். அந்த வேரில்தான் சிவப்பு இருக்கிறது. அந்தச் சிவப்பேறிய பூத்துணிகள் சோழமண்டலக் கரையிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் கப்பலேறிச் சீமைக்குப் போயின. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றைக்கும் இருக்கின்றன, சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது. எங்க வீட்டில் போன தீபாவளிக்கு எடுத்த புடவை, என் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையோடு ஒரு தடவை ஊறினது. அவர் ரோஸ் கலர் சட்டையில் ஆபீஸ் போனார். அது செயற்கைச் சாயம்தாங்க! (கைதட்டல்)

எப்படி நிக்குது? துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊற வைப்பார்கள். பிறகு படிகாரம். அதற்குப் பிறகுதான் வேரோடு கொதிக்க வைப்பது. துணி மாப்பிள்ளை, சாயம் பெண் என்றால், படிகாரம் கல்யாணத் தரகர். ஒரே வித்தியாசம், நம்ம தரகர் கமிஷன் வாங்கினதும் காணாமல் போயிடுவாரு. படிகாரத் தரகர் கடைசி வரைக்கும் நடுவிலேயே நின்று, ரெண்டு பேரையும் பிடித்துக்கொண்டிருப்பார்.

அவுரிக்கு அந்தத் தரகரும் வேண்டாம். அது காதல் கல்யாணம். திண்டிவனம் பக்கம் இன்றைக்கும் அவுரி போடுகிறார்கள். பச்சைச் செடியை அறுத்துத் தொட்டியில் அடுக்கி, மேலே கட்டையை வைத்து அமுக்கித் தண்ணீர் விடுவார்கள். ராத்திரி முழுக்க ஊறிப் புளிக்கும். மறுநாள் அந்தத் தண்ணீரைக் கீழ்த்தொட்டிக்குத் திறந்து விடுகிறார்கள். அப்போது மஞ்சளும் பச்சையுமாகத்தான் இருக்கும், நீலத்தைக் காணோம்! ஆட்கள் தொட்டியில் இறங்கி, காற்றுப் படுகிற மாதிரி அடித்துக் கலக்குவார்கள். கலக்கக் கலக்க நுரை நீலமாகிறது. அடியில் படிகிற வண்டலைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்திக் கட்டி கட்டியாக வெட்டிக் காய வைக்கிறார்கள். அந்த நீலத்தில் தோய்த்த துணியும் சாயத்தொட்டியை விட்டு வெளியே வரும்போது பச்சையாகத்தான் வரும். காற்றுப் பட்டதும் நம் கண்ணெதிரே நீலமாக மாறும். சினிமாவில் தந்திரக் காட்சி எடுப்பவர்கள் பிச்சை வாங்கணும்! செடியில் மிச்சமான தழை? வயலுக்கு எரு.

இன்னொரு சகோதரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அவுரி நீலத்தில் விவசாயி ரத்தம் இருக்கிறது, சம்பாரணை மறந்துட்டீங்களா?" என்றார். மறக்கலைங்க. பீகாரில் 20 பங்கு நிலம் இருந்தால் 3 பங்கில் அவுரி போட்டே ஆகணும்னு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி கட்டாயப்படுத்தினான். கொடுமைதான். ஆனா மீதிக் கதையையும் சொல்லணுமா இல்லையா? 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. அவுரி விலை விழுந்தது. உடனே விவசாயிக்கு விடுதலை கிடைச்சுதா? "நீ அவுரி போட வேண்டாம், பதிலுக்குக் கூடுதல் குத்தகை கொடு"ன்னான் முதலாளி. தன் நஷ்டத்தை ஏழை தலையில் கட்டினான். அந்தச் சுமையையும் சேர்த்துத்தான் 1917இல் காந்தியடிகள் அங்கே போய் விசாரித்தார். ஆக, குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது முதலாளி. அவுரிச் செடியைக் கொண்டுவந்து நிறுத்தினா அது என்னய்யா நியாயம்? (கைதட்டல்)

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையை 1992இல் கட்டி முடித்தார்கள். பாசனத்துக்குத்தான். அணையில் வந்து தேங்கியதோ திருப்பூர்ச் சாயக்கழிவு. அணை கட்டித் தாங்கன்னு விவசாயி கேட்பான், உலகத்துல எங்கேயும் நடக்கிறது. கட்டின அணையில தண்ணி தேக்காதீங்கன்னு விவசாயி கோர்ட்டுக்குப் போனான் பாருங்க, அது இங்கே நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பட்டறையில் வேலை பார்த்தவன் வயிற்றிலும் அடி. ஆத்தை நம்பினவனுக்கும் நஷ்டம், பட்டறையை நம்பினவனுக்கும் நஷ்டம்.

நான் நியாயமாப் பேசறேன். உலகத்துத் துணி முழுக்கச் செடியில் தோய்க்க முடியாது. அவ்வளவு செடிக்கு நிலம் எங்கே? குரோமியத்தைப் போட்டுச் சாயம் ஏற்றிவிட்டு 'இயற்கை' என்று லேபிள் ஒட்டுகிறவரை நானும் சேர்க்க மாட்டேன். விலையும் கூடுதல்தான். ஆனா தீபாவளிக்கு ஆறு உருப்படி எடுக்கிற வீட்டில் ஒன்றாவது அவுரியாக, சாயவேராக இருந்தால், அந்தத் தொட்டியில் இறங்கிக் கலக்குகிறவர் அடுத்த வருஷமும் இறங்குவார். அவர் பிள்ளைக்கும் அந்தப் பக்குவம் கைக்கு வரும். யாரும் கேட்கவில்லை என்றால், அவரோடு அந்த வித்தை போய்விடும்.

நடுவர் மணி அடிச்சுட்டார். உட்காருவதற்கு முன்னால் அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி. பருத்தித் துணியில் உங்க சாயம் ஏறுவதற்கு நாம் சோற்றில் போடுகிற உப்பைத்தான் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறீர்கள். கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி எடுத்துக்கொள்கிறோம் என்கிறீர்கள், சந்தோஷம். எங்க அவுரித் தொட்டியில் மிஞ்சும் தழையை வயலில் போடுகிறோம். உங்க தொட்டியில் மிஞ்சுகிற கழிவு உப்பை எந்த வயலில் போடுவீங்க? பதிலைச் சொல்லிட்டு மேலே பேசுங்க. (கைதட்டல்)