நாவும் நாணயமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

செவிக்கு விருந்து பலர் படைத்துவிட்டனர். வயிற்றின் செய்தியைச் சற்றே பேச நமக்கு அனுமதி தருக. இரயில்வேயில் கணக்கெழுதும் நமக்கு எதையும் வரவு செலவாகப் பிரித்துப் பார்ப்பதே வழக்கம்.

மும்பை மாநகரில் 'மால்' எனப்படும் பேரங்காடிகள் பெருகிவிட்டன. ஞாயிறு மாலையானால் குழந்தைகள் அங்கே போகவேண்டும் என்கிறார்கள். மேல்மாடியில் 'ஃபுட் கோர்ட்' என்னும் உணவுக்கூடம். அங்கே தோசை ஒன்றுக்குத் தரும் பணத்தில் தாராவியில் ஒரு குடும்பமே பசியாறலாம். இவ்விலை அரிசிக்கும் உளுந்துக்குமா? அன்று. இடவாடகை, விற்பனையில் பங்கு, குளிர்சாதனம், பராமரிப்பு ஆகியவற்றுக்கே பெரும்பகுதி போகிறது. சமைக்க இடம் போதாமையால் வேறெங்கோ ஆக்கியதைச் சூடுபடுத்தித் தருவதும் உண்டு. புட்டியில் அடைத்த நீரைக்கூட உணவகத்தார் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடத்தின் வசதியும் உபசரிப்பும் சேர்த்தே விற்கப்படுகின்றன என்பது அதன் கருத்து. ஆகவே நாம் அங்கே விலைகொடுப்பது நாற்காலிக்கும் குளிர்காற்றுக்குமே.

இனித் தாராவிக்கு வருவோம். தோல் பதனிடும் தொழிலை நாடி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையினர் வந்து குடியேறிய இடம் அது. மாலையில் அரைத்த மாவு இரவெல்லாம் புளித்து, விடியுமுன் இட்லியாகிறது. அதனைப் பாத்திரத்தில் அடுக்கித் தலையிலோ சைக்கிளிலோ ஏற்றிக்கொண்டு, ரப்பர் ஊதியை அழுத்தியவாறு இட்லிக்காரர் தெருத்தெருவாகச் செல்கிறார். அன்றைய இட்லி அன்றே விற்றாக வேண்டும். மிஞ்சினால் நட்டம் அவருடையது.

மாதுங்காவில் 1940-இல் தோன்றிய கஃபே மெட்ராஸும், நிலையத்தருகே ஏ. ராமா நாயக் 1942-இல் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண போர்டிங்கும் ஆடம்பரத்தால் அன்று, சுவையால் பெயர் பெற்றவை. உடுப்பிச் சமையல் கன்னட நாட்டினது; எனினும் நாவுக்கு மொழி வேற்றுமை ஏது?

வேடிக்கை யாதெனில், பேரங்காடிக் கடைகளே இன்று 'தெருவோரச் சுவை' என்று பலகை மாட்டுகின்றன. தெருவில் விற்பவர் விரட்டப்படுகிறார். அவர் பெயர் மட்டும் மாடிக்கு ஏறுகிறது.

சிங்கப்பூரில் என்ன செய்தார்கள்? தெரு வியாபாரிகளைப் பதிவு செய்து, 1971 முதல் 1986 வரை குழாய்நீரும் கழிவுநீர் வசதியும் உடைய நிலையங்களைக் கட்டி அமர்த்தினார்கள். 2020-இல் யுனெஸ்கோ அந்தப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டிலும் 2014-இல் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் அப்புறப்படுத்தலாகாது என்கிறது அது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டிற்குக் குறையாதோர் வியாபாரிகளாகவே இருத்தல் வேண்டும் என்றும் விதிக்கிறது. ஆயினும் விடியுமுன் அடுப்பு மூட்டுபவருக்குச் சட்டத்தைப் படிக்க நேரமேது?

எனவே மூன்று செயல்களை வேண்டுகிறோம். மாடியில் வாய் திறவாமல் பணம் தரும் நாம், இட்லிக்காரரிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேச வேண்டாம். சட்டினிக்கு நல்ல நீர், மூடிய பாத்திரம், கழுவிய தட்டு ஆகியவற்றை அன்போடு கேட்டு வாங்குவோம்; மலிவு என்பதற்காகத் தூய்மையை விட்டுக்கொடுத்தல் தகாது. மூன்றாவதாக, விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த எழுத்தர் பலர் இச்சங்கத்தில் இருக்கிறோம். மாதம் ஒரு ஞாயிறு காலை தாராவியில் மேசை போட்டு, சான்றிதழ் வேண்டுவோர்க்கு எழுதிக்கொடுப்போம்.

குழந்தைகளை மாலுக்கு அழைத்துச் செல்வதற்குத் தடையில்லை. ஆனால் நம் பிள்ளைகளின் நா, இட்லியின் சுவையை விலைப்பட்டியலில் கற்க வேண்டாம். அதை ஆக்கும் கைகளிடம் கற்கட்டும். அக்கைகள் இந்நகரில் நிலைத்தால்தான் அச்சுவையும் நிலைக்கும்.