ஷட்டரைப் பாதி இறக்குங்கள்



நம்ம வியாசர்பாடி டீக்கடை மாஸ்டர் பால் கொதிக்கும்வரை சும்மா நிற்பதில்லை. அதற்குள் நாலு கிளாஸ் கழுவிவிடுவார். பைத்தானில் 2014-ல் சேர்ந்த அசிங்க்ஐஓ-வும் அப்படித்தான்: ஒரே திரெட், ஆயிரம் இணைப்பு.

ராத்திரி ஷட்டர் பாதி இறங்கும். புது ஆளுக்கு டீ கிடையாது. உள்ளே இருப்பவர் குடித்துவிட்டுப் போகலாம். சர்வரையும் அப்படியே மூடணும். 'க்ளோஸ்' சொன்னால் புது இணைப்பு மட்டும் நிற்கும். பழையவை முடியும்வரை காத்திருப்பது 'வெயிட் க்ளோஸ்டு'. 2023-ல் வந்த 3.12 வரிசைக்கு முந்தைய பதிப்புகளில், அது காத்திருக்காமலே திரும்பிவிடும், கவனம்!

காலி கிளாஸோடு உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் ஒரு கெடு வையுங்கள். ஆனால், பரீட்சைக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையின் இணைப்பை நடுவில் அறுத்தால், 'பணம் போச்சா, சேர்ந்துச்சா?' என்று அது தவிக்கும். அந்தத் தவிப்பை நினைத்து நிரல் எழுதுங்கள்.