சர்க்கரையை அளந்தேன், அழுத்தத்தை மறந்தேன்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கற்றல் விளைவுகளைப் பற்றிப் பேசக் கூடிய இந்தக் கூட்டத்தில் நம் உடல்நலம் பற்றிப் பேசச் சில நிமிடங்கள் தந்தமைக்கு நன்றி. நான் மருத்துவர் இல்லை. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் பட்டதாரி ஆசிரியை. ஏழு ஆண்டுகளாக எனக்கு நீரிழிவு இருக்கிறது.

மூன்று மாதத்திற்கு ஒருமுறை தவறாமல் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்வேன். அளவு கட்டுக்குள் இருந்தால் முதல் மதிப்பெண் வாங்கிய மாணவியைப் போல மகிழ்வேன். இடையில் மருத்துவர் இரத்த அழுத்தத்துக்கும் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். இரண்டு மாதம் சாப்பிட்டேன். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. 'நமக்குத்தான் ஒன்றுமில்லையே' என்று நானே நிறுத்திவிட்டேன்.

சென்ற ஆண்டு சிறுநீர்ப் பரிசோதனையில் புரதம் வெளியேறுவது தெரிந்தது. அன்று இரத்த அழுத்தம் 160/100. "மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?" என்று மருத்துவர் கேட்டார். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் போல நின்றேன்.

ஏன் இப்படி ஆனது? ஆய்வகத்தில் வடிதாளை நினைத்துப் பாருங்கள். கரைசலை மெல்ல ஊற்றினால் தெளிந்த நீர் இறங்கும். வேகமாகக் கொட்டினால் தாள் கிழிந்து, மேலே நிற்க வேண்டியதும் கீழே போய்விடும். சிறுநீரகத்தில் உள்ள நுண்ணிய வடிகட்டிகளைச் சர்க்கரை மெல்ல நைந்துபோகச் செய்கிறது. அதன்மேல் அழுத்தமும் சேர்ந்தால் புரதம் கசிகிறது. கண்ணின் விழித்திரை, இதயம், மூளை ஆகியவற்றின் இரத்தக்குழாய்களுக்கும் இந்த இரட்டைச் சுமைதான். வலி வராது என்பதே இதன் ஆபத்து.

இதற்குச் சான்றும் உண்டு. இரண்டாம் வகை நீரிழிவுடன் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்களிடம் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவுகள் 1998இல் வெளிவந்தன. ஒரு பிரிவினருக்குச் சராசரி அழுத்தம் 154/87. கூடுதல் கவனத்துடன் சிகிச்சை பெற்ற பிரிவினருக்கு 144/82. இந்தச் சிறு வேறுபாட்டிலேயே பக்கவாதம் 44 விழுக்காடு குறைந்தது. நீரிழிவு சார்ந்த இறப்பு 32 விழுக்காடு குறைந்தது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு 130/80க்குக் கீழே இருப்பது நல்லது என்று இன்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். உங்களுக்கான இலக்கை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

நான் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். மாடிப்படி ஏறி வந்தவுடன் அளக்காதீர்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்த பின் அளக்க வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ வேண்டாம். ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும். மதிய உணவில் நாம் பகிர்ந்துகொள்ளும் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். நின்று நின்று வரும் முட்டிவலிக்கு நாமாகவே வலிமாத்திரை வாங்கிப் போடுகிறோமே, அவற்றில் பல அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியேட்டினின், கண்ணில் விழித்திரை ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் அழுத்தம் 128/78. புரதம் குறைந்திருக்கிறது, முற்றிலும் நிற்கவில்லை. நான் தவறவிட்ட ஆண்டுகளுக்கான விலை அது.

நம் மாணவர்களின் வீடுகளிலும் தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. வந்த மாத்திரை டப்பாவிலேயே கிடக்கிறதா என்று பாட்டியிடம் கேட்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். இன்று இங்கிருந்து போகும்போது, உங்கள் கடைசி இரத்த அழுத்த அளவு என்ன என்று நினைவுபடுத்திப் பாருங்கள். நினைவுக்கு வராவிட்டால் இந்த வாரமே அளந்துகொள்ளுங்கள்.