அந்தக் குரல் உங்களுக்கும் கேட்டதா?



பத்தொன்பதாவது வயதில் எனக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. ஆளற்ற அறையில் என் பெயர் சொல்லி அழைத்தன. "எல்லாம் உன்ரை கற்பனை" என்றனர் வீட்டார். கற்பனையை நாம் விரும்பி வளர்க்கிறோம், வேண்டாமெனில் நிறுத்தலாம். அக்குரல்களோ என் அனுமதியின்றி வந்தன. இப்போது உங்களுக்குக் கேட்கும் என் குரலைப் போலவே ஒலித்தன.

1994 ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கணித அறிஞர் ஜோன் நாஷ், 1959 இல் மனச்சிதைவு நோய்க்கு ஆளானவர். கணிதச் சிந்தனைகள் உதித்த அதே வழியிலேயே அமானுட சக்திகள் பற்றிய எண்ணங்களும் வந்தமையால் அவற்றை நம்பியதாக அவர் கூறினார். இந்நோய் அறிவுக் குறைவால் வருவதன்று.

மருந்து என் குரல்களைத் தணித்தது, முற்றாக நீக்கவில்லை. எஞ்சியவற்றை அம்மாவிடம் கேட்டுச் சரிபார்க்கிறேன்.

"அம்மா, வாசலிலை ஆரும் கூப்பிட்டவையோ?"

"எனக்குக் கேக்கேல்லை ராசா. உனக்குப் பயமாயிருக்கோ?"

அவர் சிரிப்பதில்லை, வாதிடுவதில்லை, குரல் கேட்டதாகப் பொய்யும் சொல்வதில்லை. அருகில் அமர்ந்துகொள்கிறார்.

பெற்றோர்களே, புலம்பெயர்ந்த மண்ணிலும் "சனம் என்ன சொல்லும்" என்று அஞ்சி மறைத்ததால், நான் மருத்துவரைக் காண இரண்டு ஆண்டுகள் பிந்தின. சிகிச்சை முந்தினால் மீட்சிக்கு வாய்ப்பு அதிகம். இளையோர்களே, குரல் கேட்டால் மறைக்காதீர்கள். அது தீங்கு செய்யச் சொன்னால் அக்கணமே உதவி நாடுங்கள்.

"உனக்கு என்ன கேட்டது?" என்று அமைதியாக வினவும் ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும்.