எடைப்பொறி சொல்லாத செய்தி

பெங்களூர் ஈஜிபுராவில் மூன்றடுக்கு, நான்கடுக்கு வீடுகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்பதை நேயர்களிற் பலர் அறிந்திருப்பர். அவற்றின் படிக்கட்டுகள் குறுகலானவை, செங்குத்தானவை. அப்படிப்பட்ட வீடொன்றின் மேல்மாடியில் வாழும் 60 வயது அம்மையார் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஐந்தாண்டுகளுக்கு முன் அவர் எடை 70 கிலோ. இன்றும் 70 கிலோவேதான். ஆயினும், அன்று காய்கறிப் பையைச் சுமந்து ஏறிய படிகளில் இன்று சுவரைப் பற்றிக்கொண்டு, நின்று நின்று ஏறுகிறார். "எடைதான் கூடவில்லையே!" என்கின்றனர் வீட்டார். "வயதாகிவிட்டது" என்று அவரும் அமைந்துவிடுகிறார். நிகழ்ந்தது யாதெனில், தசை கரைந்த அளவுக்குக் கொழுப்பு வந்து குடியேறிவிட்டது. எடைப்பொறி இவ்விரண்டையும் பிரித்தறியாது.

முதுமையில் தசை தேய்வதற்கு 'சார்க்கோபீனியா' என்னும் பெயரை இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க அறிஞர் 1989ஆம் ஆண்டில் வழங்கினார். 'சதையின் வறுமை' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். மெலிந்த உடலில் அவ்வறுமை கண்ணுக்குத் தெரியும். பருத்த உடலிலோ கொழுப்பு அதனைப் போர்வைபோல் மூடிவிடுகிறது. மாடு கிழடாகிக்கொண்டே வர, வண்டியிற் பாரம் ஏறிக்கொண்டே போனால் என்னாகும்? அந்நிலைதான் இது.

நம் நாட்டவர் இதில் தனிக் கவனம் செலுத்தவேண்டும். பூனா நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், இலண்டன் மருத்துவர் ஜான் யட்கின் ஆகிய இருவரும் தம் உடல்களையே அளந்து 2004ஆம் ஆண்டில் ஒரு செய்தி வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் எண் இருவர்க்கும் ஒன்றே: 22.3. ஆனால் ஆங்கிலேயர் உடலிற் கொழுப்பு 9.1 விழுக்காடு, நம்மவர் உடலில் 21.2 விழுக்காடு! ஆகவே, எடை அளவாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி நாம் மன அமைதி கொள்வதற்கில்லை.

பின் எவ்வாறு கண்டறிவது? 2022ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஊட்டச்சத்துச் சங்கமும் உடற்பருமன் ஆய்வுச் சங்கமும் கூடி ஒரு முறையை வகுத்தன. முதலிற் பருமனைப் பார்ப்பர். இதற்கு இடுப்புச் சுற்றளவு நல்ல கருவி. இந்தியருள் ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. அதனுடன் தளர்ச்சி, அடிக்கடி விழுதல், நாட்பட்ட நோய் போன்ற குறிகள் உண்டா என்று வினவுவர். அடுத்து, தசையின் ஆற்றலைச் சோதிப்பர். கைப்பிடியின் வலிமையை அளக்கும் சிறு கருவி ஒன்று உண்டு. ஆசிய அறிஞர்கள் 2019இல் வகுத்தபடி, ஆடவர்க்கு 28 கிலோவுக்கும் பெண்டிர்க்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் அது தளர்ச்சி.

கருவி இல்லாதார் நாற்காலியைக் கொண்டே பார்க்கலாம். கைகளை மார்பிற் கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து அமரவேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆயின் ஐயம் கொள்க. நாற்காலி சுவரோடு ஒட்டியிருக்கட்டும்; துணைக்கு ஒருவர் அருகில் நிற்கட்டும். மூட்டுவலியும் ஒருவரைத் தாமதப்படுத்தும் என்பதால், இது ஒன்றை வைத்தே நோயை முடிவு கட்டலாகாது. கெண்டைக்காலை நாடாவால் அளப்பதும் வழக்கந்தான். ஆனால் பருத்தவரிடம் கொழுப்பே அளவைக் கூட்டிக் காட்டி ஏமாற்றிவிடும்.

ஆற்றல் குறைந்தது தெரிந்த பின்னரே, டெக்ஸா என்னும் ஊடுகதிர்ப் படத்தாலோ, மெல்லிய மின்னோட்டத்தை உடலிற் செலுத்தியோ கொழுப்பையும் தசையையும் தனித்தனியே அளப்பர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. தசை எத்தனை கிலோ என்பதோடு நில்லாமல், மொத்த எடையில் அது எத்தனை பங்கு என்று கணக்கிடுவர். சுமக்கும் பாரத்துக்கு அத்தசை போதுமா என்பதல்லவா கேள்வி!

இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். நம் அம்மையாரிடம் ஒருவர் "எடையைக் குறையுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டால், அவர் இரவு உணவை நிறுத்துவார். எடை குறையும், கொழுப்போடு தசையும் போகும். மாதம் இரண்டு கழித்து, எடை குறைந்த மகிழ்ச்சியோடு அவர் படியிற் சறுக்கி விழக்கூடும்.

ஈஜிபுராவுக்கு அருகிலேயே, 1963இல் தோன்றிய செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புரதத்தின் ஒரு கூறாகிய லைசின் நமக்கு எவ்வளவு தேவை என்பதை அங்குள்ள அறிஞர் ஆராய்ந்தனர். உடலெடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றில் 12 மில்லிகிராம் போதும் என்று முன்னர்க் கருதப்பட்டது. தேவை 30 மில்லிகிராம் என்று அவர்கள் கண்டனர். அரிசியில் அது குறைவு; பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் மிகுதி. ஆதலின் சோற்றைக் குறைப்பவர் பருப்பையும் சேர்த்துக் குறைத்தல் கூடாது. சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்டவேண்டும்.

உணவு மட்டும் போதாது. தசைக்கு வேலையும் வேண்டும். 90 வயதை ஒட்டிய முதியோர் சிலர்க்கு, பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் எட்டு வாரம் கால்களால் எடை தூக்கும் பயிற்சி அளித்து, 1990இல் முடிவை வெளியிட்டனர். முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. நம் அம்மையார்க்கு வயது அறுபதுதானே!