அரசியலும் மகளிரும்

(நம் சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



'அரசியலும் மகளிரும்' என்னும் பொருள்பற்றிச் சில கூறுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். பொருளோ பெரிது, நேரமோ சிறிது. ஆதலின் பெண்மையின் பெருமையை விரித்துரையாது, நம் சங்கம் இன்று செய்தற்குரிய ஒன்றனையே வற்புறுத்த விழைகின்றோம்.

பெண்டிர்க்கு அரசியல் புதிது என்பார் உளர். அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார் என்பதைப் புறநானூறு கற்றார் அறிவர். 1689 முதல் மதுரை நாட்டை ஆண்டவர் மங்கம்மாள். 1780-இல் சிவகங்கைச் சீமையை மீட்டவர் வேலு நாச்சியார். இவர்தம் பெயர்களை மேடைதோறும் புகழ்கின்றோம். ஆயினும் ஒருவர் பெரும்புலவர், ஏனையோர் அரசகுடியினர். பொதுக்குடியிற் பிறந்த ஒருத்திக்கு ஊரவையில் இடமுண்டா என்பதே வினா.

உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டி நம் முன்னோர் குடவோலை முறையைப் போற்றுகின்றோம். போற்றற்குரியதே. ஆயின், ஏறத்தாழ 920-இல் எழுந்த அக்கல்வெட்டின்படி ஓலையிற் பெயர் எழுதப்பெறுவார் யாவர்? வரி செலுத்தும் நிலமும் தம் மனையிற் கட்டிய வீடும் உடையார். உடைமை இல்லார்க்குக் குடத்தில் ஓலையும் இல்லை.

இந்நிலை நெடுங்காலம் நீங்கவில்லை. 1921-இல் சென்னைச் சட்டசபை, பெண் என்னும் காரணத்தால் வாக்குரிமை மறுத்தலாகாது எனத் தீர்மானித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் முதற்கண் இதனைச் செய்தது நம் மாகாணமே. எனினும் சொத்துத் தகுதி அப்படியே நின்றது. தம் பெயரில் நிலமில்லாத தாய்மார் வெளியே நின்றனர். சில ஆண்டுகளில், புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அச்சபையின் துணைத்தலைவராயினார். ஆடவர் பலர் கண்டும் வாளாவிருந்த தேவதாசி முறையை ஒழிக்க அவர் அங்குத் தொடங்கிய முயற்சி, 1947-இல் சட்டமாய் முடிந்தது. ஒருத்தி அவையிற் புகுந்தமையால் விளைந்த பயன் இது.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு ஆண் பெண் இருபாலார்க்கும் ஒப்ப வாக்களித்தது. ஆயினும் வாக்கு வேறு, இருக்கை வேறு. 1992-இல் இயன்ற 73-ஆவது திருத்தம் ஊராட்சிகளில் மூன்றிலொரு பங்கை மகளிர்க்கு ஒதுக்கிற்று. தமிழ்நாடு 2016-இல் அதனைச் செம்பாதியாக்கிற்று. ஒதுக்கீடு இல்லாத சட்டமன்றத்திற்கோ 2021 தேர்தலில் 234 பேருள் மகளிர் பன்னிருவரே சென்றனர். சட்டம் கைபிடித்து அழைத்த இடத்தில் பாதி. நம் மனம்போல விட்ட இடத்தில் இருபதில் ஒரு பங்கு! பெண்டிர்பால் தகுதிக்குறை இல்லை. குறை வாயில் காப்பார்பால் உளது.

இருக்கை கிடைத்தபின்னும் இடர் உண்டு. ஓர் ஊராட்சித் தலைவியைக் காணச் சென்றோம். நாற்காலியில் அவர் கணவர் வீற்றிருந்தார். "தலைவர் எங்கே?" என வினவ, "என்னிடமே சொல்லுங்கள்" என்றார். அம்மையாரோ எமக்கு மோர் கொணர்ந்து வைத்துவிட்டு உள்ளே சென்றார்.

"பெண்டிர்க்கு ஒன்றும் தெரியாது, ஆதலின் ஆடவர் பேசுகின்றனர்" என்பார்க்கு ஒன்று கூறுவோம். 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவிற் பாதி மகளிராதல் வேண்டும் என்றது. யாம் பணியாற்றிய ஒரு பள்ளியில் அக்குழுவின் முதற் கூட்டத்திலேயே கூலிவேலை செய்யும் தாய் ஒருத்தி எழுந்து, "பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லையே, பெரிய பெண்கள் மாதந்தோறும் சில நாள் வராமைக்குக் காரணம் கேட்டீர்களா?" என்றாள். பல்லாண்டு வருகைப் பதிவேடு எழுதிய யாம் அதனை உணர்ந்திலோம். தலை கவிழ்ந்தோம். அவ்வாரமே தாழ்ப்பாள் இடப்பட்டது.

இனி நம் வீட்டிற்கு வருவோம். நம் சங்க விதிப்படி குடும்பத்திற்கு ஒருவரே உறுப்பினர், அவரும் ஆண்மகனே. சென்ற ஆண்டு நம் மரபைச் சார்ந்த கைம்பெண் ஒருவர் தம் மகளின் படிப்பிற்கு உதவிநிதி வேண்டினார். உறுப்பினர் கையொப்பம் இல்லை என்று அவ்விண்ணப்பம் திருப்பப்பட்டது. கொழுந்தனார் மனமிரங்கிக் கையெழுத்திடுவதற்குள் கல்லூரியிற் சேரும் நாள் கடந்துவிட்டது. குடவோலைக் காலத்து உடைமை விதிக்கும் நம் விதிக்கும் வேற்றுமை யாது? அவ்விதியைப் பன்முறை படித்தும் பிழை காணாத குற்றம் எமக்கும் உண்டு.

மகளிர் உறுப்பினராயின் வீட்டிற் பூசல் விளையும் என அஞ்சுவார் அஞ்சற்க. ஒரு வீட்டில் இருவர் எண்ணி ஒருமுடிவு காணுதல் பூசலன்று. அதுவே நல்லரசியலின் முதற்பாடம்.

ஆதலின் இவ்வவையின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கின்றோம். பதினெட்டு ஆண்டு நிரம்பிய ஆண் பெண் யாவரும் தம் பெயரிலேயே உறுப்பினராகுக. நிர்வாகக் குழுவிற் பாதி இடம் மகளிர்க்காகுக. கைம்பெண் விண்ணப்பத்திற்கு அவர் கையொப்பமே போதுமானதாகுக.

விளக்கேற்றத் தாய்மாரை முன்னே அழைத்தோம். விதி எழுதும்போது பின்வரிசைக்கு அனுப்பினோம். இவ்வாண்டுப் பொதுக்குழுவிலேனும் அவர்கள் முன்வரிசையில் அமர்க. அதுகாறும் ஔவையாரைப் புகழ யாம் நாணுகின்றோம்.