தம் துயரைத் தாமே பாடியவர்கள்

(காஞ்சிரங்குளம் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இசைவல்லார் நிற்க வேண்டிய இம்மேடையில் ரயில்வே குமாஸ்தாவாகிய என்னை நிறுத்தியிருக்கிறீர்கள். ராக லட்சணம் நான் கற்றவனல்லன். ஆயினும், தம் மனக்குறையைத் தாமே பாட்டாக்கித் தாமே பாடிய சிலரைப் பற்றி, கேட்டு ஆறுதல் அடைந்தவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள் கூற விழைகிறேன்.

அத்தகையோரைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நீலகண்ட சிவன் 1839ஆம் ஆண்டில் நாகர்கோவிலைச் சார்ந்த வடிவீசுவரத்தில் பிறந்தார், பத்மநாபபுரத்தில் வாழ்ந்தார், பின்னர்த் திருவனந்தபுரத்துக் கரமனையில் குடியேறினார், 1900இல் மறைந்தார். பத்மநாபபுரத்துக்கும் கரமனைக்கும் நடுவே இருப்பது நம் நெய்யாற்றின்கரைத் தாலுகா. 1956இல் எல்லை வகுக்கப்பட்டபோது அவர் பிறந்த ஊர் அப்பக்கம் சென்றது. கரமனையும் நாமும் இப்பக்கம் நின்றோம். அவர் பாட்டு மட்டும் இரு பக்கத்துக்கும் பொதுவாயிற்று.

முகாரி ராகத்தில் அவர் இயற்றிய கீர்த்தனை ஒன்றை முசிரி சுப்பிரமணிய ஐயர் உருகிப் பாடி எங்கும் பரப்பினார். அதன் அமைப்பைப் பாருங்கள். பல்லவியில், சிவனருள் என்று கிட்டும் என்ற ஒரே கேள்வி. அனுபல்லவியில், கன்றின் குரல் கேட்டு மனமிரங்கி வரும் பசு. சரணத்தில் வேதாந்தம் வருமென்று எதிர்பார்ப்போம். வருவதோ வீட்டு வாசலில் நாள்தோறும் காணும் காட்சி! பொருள் உள்ளபோது சூழ்ந்து கொண்டாடும் சுற்றத்தார், பொருள் குறைந்தபின் கண்டாலும் பேசாமற் போகிறார்கள். இதை அனுபவியாத குடும்பம் நம் காலனியில் உண்டா?

அந்தச் சுற்றத்தார் இன்னார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது ஒரு வீட்டு வழக்காக முடிந்திருக்கும். பெயரை விடுத்து நோவை மட்டும் வைத்தார். ஆகவே கேட்கும் ஒவ்வொருவரும் அவ்விடத்தில் தம் நோவை வைத்துக் கொள்கிறோம். சொந்தப் பாட்டு ஊர்ப் பாட்டாகும் வழி இதுவே என்பது என் எண்ணம்.

நீலகண்ட சிவனின் பாடல்களில் தோய்ந்து வளர்ந்த சிறுவன் ஒருவன் உண்டு. 1890இல் தஞ்சைச் சீமைப் போலகத்தில் பிறந்து, 1897இல் தந்தையை இழந்து, 1899இல் தாயுடன் திருவனந்தபுரம் வந்த ராமையா. 1910இல் தாயும் மறைந்தார். பிறகு அவர் கோயில் கோயிலாகப் பாடித் திரிந்தார். அவரே பாபநாசம் சிவன். மயிலாப்பூர் மாடவீதிகளில் மார்கழி விடியலில் அவர் பாடிச் சென்ற பஜனை புகழ்பெற்றது. நவரசகன்னட ராகத்துப் பாட்டொன்றில், தம்மை வைத்து விளையாடுவது தகுமா என்று அம்பிகையோடு வழக்காடுகிறார். பெற்ற தாயை இழந்தவர், வழக்காடுவதற்கு ஒரு தாயைத் தேடிக் கொண்டார் என்றே எனக்குத் தோன்றும்.

மேல்நாட்டிலும் இவ்வாறே. கையில் கித்தாரை ஏந்தித் தம் பாட்டைத் தாமே பாடிய பாப் டிலானுக்கு 2016இல் இலக்கிய நோபல் பரிசே கிடைத்தது. கனடா நாட்டு ஜோனி மிட்செல் என்ற அம்மையார் 1971இல் வெளியிட்ட ‘ப்ளூ’ என்னும் இசைத்தட்டில் ஒரு பாட்டு, இளமையில் தாம் தத்துக் கொடுத்துவிட்ட மகளைப் பற்றியது. கேட்டவர் பலர் நெடுநாள் அந்தச் செய்தியை அறியார். அறியாமலே உருகினார்கள். அங்கும் பெயர் மறைந்து நோவு நின்றது.

அன்பர்களே! புகழ்பெற்றவர்களை மட்டும் கூறி அமர்ந்தால் என் மனச்சாட்சி ஒப்பாது. என் தாயாரும் ஒரு பாட்டுக்காரி. எழுதப் படிக்கத் தெரியாது. என் தங்கையைத் தொட்டிலிலிட்டு ஆட்டும்போது, பிறந்த வீட்டுக் கிணற்றையும், சண்டையிட்டுப் பிரிந்த தமையனையும் தாலாட்டில் சேர்த்துப் பாடுவார். மாமனிடம் நேரில் சொல்ல இயலாததைக் குழந்தையிடம் சொல்லித் தீர்த்துக் கொண்டார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்சல் கணக்கைப் பிசகின்றி எழுதுகிறவன் நான். ஆனால் அந்தத் தாலாட்டில் ஓர் அடியையும் எழுதி வைத்தேனல்லேன். அவரோடு அது போயிற்று. மெட்டு மட்டும் சில இரவுகளில் நினைவுக்கு வருகிறது, சொல் வருவதில்லை.

நம் குழந்தைகளில் பலர் பள்ளியில் மலையாளம் பயில்கின்றனர். அதில் குறையொன்றுமில்லை. ஆனால் தமிழ் எழுத்தை அறியாத குழந்தைக்கும் தமிழ்ப் பாட்டு விளங்கும். தொட்டிலுக்கு எழுத்து வேண்டுவதில்லை. ஆதலால் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பாட்டி பாடும் தாலாட்டையோ ஒப்பாரியையோ கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ராகம் தவறினும் தாழ்வில்லை. அடுத்த ஆண்டு விழாவில் இம்மேடையில் அதைப் பாடுங்கள். கேட்பதற்கு முதல் வரிசையில் நான் அமர்ந்திருப்பேன்.